கழற்றிப் பூட்டுவதா, யப்பான் எஞ்சின் வாங்குவதா?

ஒயில் குடித்து நீலப் புகை தள்ளத் தொடங்கிய ரொயோட்டா கொரோலா 110 கார் ஒன்றை மட்டக்களப்பில் வைத்திருப்பவர், எஞ்சினை வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாம். அல்லது யப்பானில் ஓடி இறக்குமதியான பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றலாம். கராச்சில் முழுவதையும் ஒப்படைப்பது முதல் வழியோடு கூலி சேர்ந்ததே என்பதால் அதைத் தனியாக எடுக்கவில்லை.

எதற்கும் முன்னர் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் உண்டாகும் அமுக்கத்தை அளக்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்கும்போது ஏறினால், தேய்ந்திருப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங். ஏறாவிட்டால் குற்றம் வால்விலோ ஹெட் கஸ்கட்டிலோ (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள தகட்டிலோ) இருக்கக்கூடும். அப்போது ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், இந்த ஒப்பீடே தேவையில்லை.

வீட்டு வேலை என்றாலும், சிலிண்டரைப் போர் பண்ணுவதும் (குடைந்து பெரிதாக்குவதும்) கிராங்கைக் கடைவதும் லேத் பட்டறையில்தான் நடக்கும். வீட்டில் நமக்குக் கிடைப்பது, ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்த்து அளக்கும் வாய்ப்பு. இந்தக் காரில் பரவலாக உள்ள 1,498 சீசீ 5ஏ-எப்ஈ எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 78.7 மில்லிமீற்றர், தேய்வு சொற்பமாக இருந்தால் ஹோன் செய்து (உட்சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்கி) புதிய றிங் போடலாம், முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் போர் பண்ணிப் பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும். புதிய றிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் வாய் இடைவெளியை பீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) அளப்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். இடைவெளி போதாவிட்டால், சூடேறி விரியும் றிங்கின் நுனிகள் முட்டிச் சிலிண்டரையே கீறிவிடும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்றொட்களின் மூடிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டக்கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் பெயரிங் பூட்டினால், ஒயிலோடு மணலும் சேர்ந்து அரைக்கும். கல்லடிப் பக்கத்து உப்புக் காற்றிலோ, ஹோன் செய்த சிலிண்டரை ஒயில் பூசாமல் விட்டால் மறுநாளே துருவைத் தேய்க்க வேண்டியிருக்கும்.

யப்பான் எஞ்சினின் பலம் வேகம். கைதேர்ந்தவர் ஓரிரு நாளில் மாற்றிவிடுவார். ஆனால் வாங்குவது மூடிய பெட்டி, ஓடிய கிலோமீற்றர் விற்பவரின் வாய்ச்சொல். ஒயில் மூடியின் உட்புறத்தில் கரும்படிவு உள்ளதா, கிராங் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து, ஸ்டார்ட்டர் பூட்டி அமுக்கத்தையும் அளக்காமல் பணம் கொடுக்கக்கூடாது. காருக்குள் இறக்கும் முன்னரே டைமிங் பெல்ட்டையும் கிராங்கின் பின்பக்க சீலையும் மாற்றிவிடுவது நல்லது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் உள்ளதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாதவர் காரை விற்கும் நாளில் அலைய நேரும்.

கொன்றொட் முறிந்து பிளாக்கைத் துளைத்த எஞ்சினுக்கு யப்பான் எஞ்சினே நியாயம். றிங் தேய்வு மட்டும் என்றால், வீட்டில் இன்னொரு வாகனம் இருக்கும் பட்சத்தில், கழற்றிப் பூட்டவே சொல்வேன். லேத்தில் முறை வரும்வரை காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் எடுத்து, மாரி மழை பிடிக்கும் முன் பூட்டி முடிக்கும்படி தொடங்க வேண்டும்.