ஓசிடி உள்ள பிள்ளைக்கு முதலில் மாத்திரையா, எதிர்கொள்ளும் பயிற்சியா?

14 வயதுப் பெண் குளியலறைக்குள் போனால் ஒன்றரை மணி நேரம் வெளியே வருவதில்லை. 16 வயதுப் பையனுக்கு, திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் சன்னிதியில் நிற்கும்போது சாமியைப் பற்றி ஆபாசமான எண்ணம் வந்துவிடுகிறது. பாவம் தீர மனசுக்குள்ளேயே 21 தடவை மன்னிப்புக் கேட்கிறான். இரண்டும் ஓசிடிதான்: வேண்டாத எண்ணமோ பயமோ திரும்பத் திரும்ப வந்து, அது தணிய ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநோய். அப்படிச் செய்வதைத்தான் இங்கே சடங்கு என்கிறேன். முதல் பிள்ளையின் சடங்கு வீட்டுக்கே தெரியும், இரண்டாவது யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் போனால் இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை (மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து வகை). மற்றது ஈஆர்பி: பயத்தைத் தூண்டுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி. லேசான, நடுத்தர ஓசிடிக்குப் பயிற்சிதான் முதலில் என்பது என் உறுதியான கருத்து. கடுமையானால் இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

2004இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுவரை உள்ள 112 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், ஏறத்தாழ முழுதாகத் தேறியவர்கள்: இரண்டும் பெற்றவர்களில் 54 சதவீதம், இந்தப் பயிற்சியை மையமாகக் கொண்ட சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39, செர்ட்ரலின் என்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 21, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4. அதே ஆய்வில் பயிற்சியின் பலன் மையத்துக்கு மையம் வேறுபட்டது. கற்றுக்கொடுப்பவரின் திறமை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே நம்மூரில் யார் நடத்தினாலும் 39 கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாத்திரையின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது: எளிதில் கிடைக்கும், தினமும் ஒரு வேளை போதும். செர்ட்ரலின் 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கும், தேவைப்பட்டால் டாக்டர் 200 வரை கூட்டுவார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு வேண்டும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரமே 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ தலைகாட்டுகிறதா என்று கவனித்தே ஆக வேண்டும்.

பயிற்சி வாரம் ஒரு முறை வீதம் 12 முதல் 16 அமர்வு. பிள்ளையே பயங்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒரு படிக்கட்டு எழுத வேண்டும். டவுன் பஸ் கம்பியை ஒரு விரலால் தொடுவது 3, முழுக்கையால் பிடிப்பது 5, பிடித்த கையைக் கழுவாமல் வீட்டுக் கதவைத் திறப்பது 7. நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் தினமும் செய்ய வேண்டும். கையில் சானிடைசர் பாட்டிலை வைத்துக்கொண்டு செய்தால் அது பயிற்சியே இல்லை.

கோயிலில் வரும் எண்ணத்துக்கும் இதே முறைதான். அந்த எண்ணத்தை விரட்டாமல் நிற்க வேண்டும், எண்ணி எண்ணி மன்னிப்புக் கேட்கக் கூடாது, ஒரு முறை கும்பிட்டுவிட்டு வெளியே வர வேண்டும். வேண்டாத எண்ணங்கள் பெரும்பாலானவர்களுக்கு வருகின்றன என்று உளவியலாளர்கள் ராக்மனும் டி சில்வாவும் 1978இலேயே காட்டிவிட்டார்கள். எண்ணம் வருவது நோய் இல்லை. அதற்குப் பரிகாரம் செய்யத் தொடங்குவதில்தான் ஓசிடியின் பிடி இறுகுகிறது.

என் முடிவைத் தீர்மானிப்பது, நிறுத்திய பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பது. மருந்தை மட்டும் நம்பியிருந்தால், விட்டதும் ஓசிடி திரும்பும் வாய்ப்பு அதிகம். (பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளே இதைத் தெளிவாகக் காட்டுகின்றன, பிள்ளைகளிடம் ஆதாரம் குறைவு.) பயிற்சியில் கற்றது பிள்ளையோடு தங்கும், ஆனால் வீடு அதைக் காப்பாற்ற வேண்டும்.

"அம்மா, கை சுத்தமாதானே இருக்கு?" என்று பிள்ளை 30 தடவை கேட்கும். "சுத்தம்தான்டா" என்று சொல்லும் ஒவ்வொரு பதிலும் ஒரு கை கழுவலுக்குச் சமம். பிள்ளை அமைதியாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசி, இந்த வாரம் நாளைக்கு 10 பதில், அடுத்த வாரம் 5, பிறகு இல்லை என்று ஒப்பந்தம் போடுங்கள். அதற்குமேல் கேட்டால்: "இது ஓசிடி கேக்குற கேள்வி கண்ணு. பதில் சொல்ல மாட்டேன், உன் பக்கத்துலயே இருக்கேன்." முதல் வாரம் அழுகையும் கோபமும் கூடும். அப்போது மனமிரங்கிப் பாட்டி ஒரு முறை பதில் சொல்லிவிட்டால், இன்னும் சத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்கும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் பாட்டி, தாத்தா, சித்தி எல்லோரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடமே நின்றுவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றால் பயிற்சிக்காகக் காத்திருக்காதீர்கள். மருந்து உடனே வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் (டெலி மானஸ்) தமிழிலும் பேசலாம்.

புதுச்சேரியில் ஜிப்மர் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனாலும் தனியார் ஆலோசகரிடம் போனாலும் முதல் நாளே கேளுங்கள்: "எக்ஸ்போஷர், அதாவது பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி செய்வீர்களா? வீட்டுப் பயிற்சி கொடுப்பீர்களா? எங்களையும் உட்கார வைப்பீர்களா?" மூச்சுப் பயிற்சியும் அறிவுரையும் மட்டும்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.