பழைய மரக் கமராவைத் திருத்தக் கொடுப்பவர்கள் லென்ஸைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்

கொழும்பில் ஒருவரிடம் கமராவின் துருத்தி (முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் உறை) செய்யக் கொடுத்து மோசமாக ஏமாந்துவிட்டேன். பெயர் போடவில்லை, நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும்.

கமரா அப்பப்பாவுடையது. திருகோணமலையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். மகோகனியும் பித்தளையுமாக ஒரு ஹாப் பிளேட் அளவுக் கமரா, படம் 4¾க்கு 6½ அங்குலம். மரவேலையை வீட்டிலேயே நானே முடித்துவிட்டேன், பழைய பொலிஷைச் சுரண்டி அரக்கு பூசவே இரண்டு மாதம் போனது. துருத்தி வேலைதான் எனக்குக் கைவரவில்லை. இங்கத்தைய உப்புக் காற்றில் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. அவர் ஆட்டுத்தோலில் புதிதாகச் செய்கிறேன் என்றார். 45,000 ரூபா, அதில் 30,000 முன்பணம். "முழுக் கமராவையும் அனுப்புங்கோ தம்பி, பொருத்திப் பார்க்கவேணும்" என்றார், நானும் லென்ஸோடு அனுப்பிவிட்டேன். துருத்தி செய்ய முன்சட்டமும் பின்சட்டமும் இருந்தால் போதும், லென்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்று வாரம் என்றவர் ஏழு மாதம் இழுத்து, மீதிப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் பார்சலை அனுப்பினார். வந்தது தடித்த ரெக்சின் துருத்தி. மடங்கவே மாட்டேன் என்று முன்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இரவில் விளக்கை அணைத்து உள்ளே டோர்ச்சை விட்டுப் பார்த்தால் மூலைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வருகிறது. படம் கூர்மையாக விழுகிறதா என்று பார்க்கும் பின்பக்கத்துப் போகஸ் கண்ணாடியைக்கூடத் திருப்பிப் போட்டிருந்தார். சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும், மாறினால் கண்ணாடியில் கூர்மையாகத் தெரிவது படத்தில் மங்கிவிடும். சரி, அதை நானே திருப்பிவிட்டேன்.

தாங்க முடியாதது லென்ஸ்தான். நான் அனுப்பியது, வெளிச்சம் புகும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் வளையம் உள்ள, ரபிட் ரெக்டிலீனியர் என்ற பழைய வகை லென்ஸ். வந்தது ஏதோ பழைய புரொஜெக்டர் லென்ஸ், அதுவும் பித்தளைதான், ஆனால் வளையமே இல்லை. முன்பெல்லாம் போட்டோப் பேப்பரை நெகட்டிவாக வைத்து, துவாரத்தை f/32 என்ற சிறிய அளவு வரை சுருக்கி, பட்டப்பகலிலும் லென்ஸ் மூடியைக் கையால் கழற்றித் திரும்ப மூடியே படம் எடுப்பேன். இதில் அந்த வெயிலுக்குப் பேப்பர் முழுக்கக் கறுத்துவிடும். விடிய முன் இங்கே டச்சுபே கடற்கரையில் நின்று, கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையை எடுத்துப் பார்த்தேன். நடுவில் மலை தெளிவாக இருக்கிறது, ஓரமெல்லாம் கரைந்துபோய் வருகிறது. கேட்டால் "நீங்கள் தந்தது இதுதான்" என்கிறார். அனுப்ப முன் லென்ஸைப் படம் எடுத்து வைக்காததால் என்னிடம் ஆதாரமும் இல்லை.

யாரிடம் கொடுத்தாலும் சட்டங்களை மட்டும் கொடுங்கள், தோலின் துண்டொன்றை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள், அவர் முன்னாலேயே டோர்ச் விட்டுப் பார்த்த பிறகே மீதியைக் கொடுங்கள்.

அப்பப்பாவின் லென்ஸ் எங்காவது விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். முன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், பின்புறத் திருகு மரையில் ஊசியால் கீறிய ஒரு சிறிய வேல் அடையாளம் இருக்கும்.