ஒரு புள்ளி விலை வைத்த டவுன்வோட்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் என் பத்தாண்டு

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2013-இல், நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கணக்குத் தொடங்கினேன். முதல் ஓராண்டு அடுத்தவர் பதில்களை எடுத்துக்கொண்டதோடு சரி. அப்புறம் நானும் எழுத ஆரம்பித்தேன். இத்தனை ஆண்டுகள் அங்கே நிலைத்ததற்குக் காரணம், அதன் ஓட்டு முறை.

பதிலுக்கு ஓர் அப்வோட் (ஆதரவு ஓட்டு) விழுந்தால் எழுதியவருக்கு 10 புள்ளி கிடைக்கும், டவுன்வோட் (எதிர்ப்பு ஓட்டு) விழுந்தால் 2 குறையும். அப்வோட் போட நம் கணக்கில் 15 புள்ளி இருந்தால் போதும். டவுன்வோட் போட 125 வேண்டும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒருவர் பதிலுக்கு டவுன்வோட் போட்டால், போட்டவருக்கும் ஒரு புள்ளி போகும். ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் அது கையைப் பிடித்து நிறுத்துகிறது. 'இது உண்மையிலேயே தப்பான பதிலா, இல்லை எனக்குப் பிடிக்காத நடையா?' என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டு, ஓட்டுக்குப் பதில் கமெண்ட் எழுதியிருக்கிறேன்.

நானும் வாங்கியிருக்கிறேன். பைத்தான் நிரல்மொழியில் ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ண, நீளம் சொல்லும் 'லென்' கட்டளை போதும் என்று ஒருமுறை எழுதிவிட்டேன். டவுன்வோட் விழுந்தது, கூடவே ஒரு கமெண்ட்: தமிழில் 'நி' என்ற ஒற்றை எழுத்தை அது இரண்டாக எண்ணுமே? தமிழ் எழுதும் நானே அதை மறந்திருந்தேன். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோட் முறையில் 'ந' தனி, இகரக் குறி தனி. பதிலைத் திருத்தினேன். போட்ட ஓட்டு சில நிமிடங்களில் பூட்டிக்கொள்ளும்; பதிவைத் திருத்தினால்தான் திரும்பத் திறக்கும். அன்று அந்த டவுன்வோட் விலகியது. தப்பைச் சரிசெய்தவருக்குத் திரும்பி வர வழி விட்டிருக்கிறார்களே, அதுதான் இந்த முறையின் உயிர். முன்பு நான் இருந்த இன்னொரு தளத்தில் டவுன்வோட்டுக்கு விலையே கிடையாது. இரண்டு கோஷ்டிகள் மாறி மாறி அமுக்கிக்கொண்டே இருந்தன. சில மாதங்களில் வெளியே வந்துவிட்டேன்.

குறை என்றால், கேள்விகள்தான். கேள்விக்குப் போடும் டவுன்வோட் இலவசம். புதிதாக வருபவர் பெரும்பாலும் கேள்வியோடுதானே வருகிறார்? பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில் அது இல்லை. புதியவர்களை வரவேற்கும் இடமாகத் தளம் இல்லை என்று 2018-இல் நிறுவனமே தன் வலைப்பதிவில் ஒப்புக்கொண்டது. 2010-இல் 5 ஆகக் குறைத்திருந்த கேள்வி அப்வோட்டின் மதிப்பை 2019-இல் மறுபடி 10 ஆக்கினார்கள். நல்ல மாற்றம், ஆனால் டவுன்வோட் பக்கம் கை வைக்கவில்லை. அவசரக் கேள்விகள் குவிவதைத் தடுக்க வேண்டும் என்பது புரிகிறது. அதற்காக ஒரு புள்ளி கூடவா விலை வைக்கக் கூடாது?

2,000 புள்ளி தாண்டியதிலிருந்து, யார் அனுமதியும் இல்லாமல் அடுத்தவர் பதிவை என்னால் திருத்த முடிகிறது. மைனஸில் கிடக்கும் புதியவரின் கேள்வி கண்ணில் பட்டால், நிரலை ஒழுங்காக அடுக்கி, தலைப்பைத் தெளிவாக்கிவிட்டு அப்வோட் போடுகிறேன். போன வாரம் அப்படி ஒரு கேள்வி மைனஸ் மூன்றில் இருந்தது. மறுநாள் பார்த்தபோது பூஜ்ஜியத்தில் நின்றது, கீழே இரண்டு பதில்கள் வந்திருந்தன.