தன் பழுதைத் தானே சொல்லும் போர்டு: பாலி ஏஎஸ்-2518-35

பழைய பின்பால் இயந்திரம் (உலோகக் குண்டைத் தட்டி ஓடவிட்டு ஆடும் விளையாட்டு இயந்திரம்) வாங்க நினைப்பவர்கள் அதிலுள்ள ஓவியம் மங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் மின்னணு போர்டுகளைப் பார்க்க வேண்டும். சிகாகோவின் பாலி நிறுவனம் 1979இல் வெளியிட்ட ‘கிஸ்’ போன்ற ஆட்டங்களில் மூளையாக இருப்பது, மோட்டரோலா 6800 நுண்செயலியைக் கொண்ட ஏஎஸ்-2518-35 என்னும் போர்டு. பழுது பார்ப்பவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட பொருள்களில் இதற்கு நான் மிக உயர்ந்த இடம் தருவேன்.

காரணம், அதில் இருக்கும் ஒரு சிறிய சிவப்பு எல்இடி. இயந்திரத்தை இயக்கியதும் அது முதலில் கணநேரம் மினுக்கிவிட்டு, பிறகு ஏழு முறை ஒளிர்கிறது. ஒவ்வொரு ஒளிர்வும் ஒரு சோதனை தேறியதைக் குறிக்கிறது. ஆட்டத்தின் நிரல் இருக்கும் ரோம், தற்காலிக நினைவகமான இரண்டு ரேம் ஐசிகள், நுண்செயலியை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் பிஐஏ எனப்படும் யு10, யு11 என்ற இரு ஐசிகள், டிஸ்ப்ளேக்கான 555 என்னும் டைமர் ஐசி, கடைசியாகச் சோலனாய்டுகள் எனப்படும் மின்காந்தக் காயில்களுக்கான மின்சாரம் என்று வரிசையாகச் சோதித்துச் செல்வதால், நான்கு முறை ஒளிர்ந்து நின்றுவிட்டால் யு11ஐயும் அது பொருந்தியிருக்கும் சாக்கெட்டையும் நேராகப் பார்க்கலாம். ஆறோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் போர்டில் குற்றமில்லை. சோலனாய்டுகளுக்கு வரவேண்டிய 43 வோல்ட் வரவில்லை என்று பொருள், ஃபியூஸ் ஒன்று போயிருக்கும். இதை அறியாதவர்கள் நல்ல ஐசிகளைப் பிடுங்கி மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஏழும் ஒளிர்ந்துவிட்டால் இயந்திரம் முழுவதும் நலம் என்று கொள்ளக் கூடாது. விளக்குகள், காயில்கள், டிஸ்ப்ளேக்கள், சிக்கிக்கொண்ட ஸ்விட்சுகள் ஆகியவற்றைக் காசுக் கதவின் உட்புறமுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தித் தனியாகப் பார்க்க வேண்டும். சோலனாய்டுகளை இயக்கும் சோலனாய்டு டிரைவர் போர்டில் டிஸ்ப்ளேக்கான சுமார் 190 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுவதால், அங்கே மின்சாரத்தை நிறுத்தாமல் கை வைப்பது ஆபத்து.

இவ்வளவு நல்ல வடிவமைப்பைக் கெடுப்பது ஒரே ஒரு பொருள்: போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. அதிக மதிப்பெண்களையும் கணக்குகளையும் நினைவில் வைப்பதற்காக இருக்கும் அது, ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, பக்கத்திலுள்ள, நுண்செயலியைத் தொடக்கிவிடும் ரீசெட் சர்க்யூட்டையும் கனெக்டர் ஊசிகளையும் அரித்துவிடுகிறது. ரீசெட் செத்தால் நுண்செயலி ஓடாது. எல்இடி அணைந்தே இருக்கும் அல்லது எரிந்தபடியே நிற்கும். பழுது மிகக் கடுமையாக இருக்கும் நேரத்தில் போர்டு வாய் திறப்பதில்லை என்பதே இதன் மன்னிக்க முடியாத குறை. ஆனாலும் எல்இடி பேசவில்லை என்றதும் போர்டைக் குறைசொல்லாமல், 5 வோல்ட் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று மல்டிமீட்டரால் முதலில் அளப்பது நல்லது. மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றித் தரும் ரெக்டிஃபையர் போர்டின் கனெக்டர்கள் கருகியிருப்பது அடிக்கடி காணும் காட்சி.

பேட்டரி இன்னும் கசியாத போர்டு கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அன்றே பேட்டரியை அகற்றிவிட்டு, ரேம் ஐசிகளில் ஒன்றான யு8 இருக்கும் இடத்தில் பேட்டரி தேவைப்படாத நினைவக மாட்யூலைப் பொருத்துங்கள். பேட்டரி கசிந்து பச்சை பூத்த போர்டாக இருந்தால், பேட்டரி இல்லாமல் இயங்கும் புதிய மாற்றுப் போர்டின் விலையை இயந்திரத்தின் விலையிலிருந்து கழித்துப் பேரம் பேசுங்கள்.