பொண்ணுக்கு ஓவரியில கட்டின்னா ஓவரியையே எடுக்கணுமா, கட்டிய மட்டும் எடுத்தா போதுமா?

13லேர்ந்து 19 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்களுக்கு ஓவரியில, அதாவது சினைப்பையில, வர்ற கட்டியில பெரும்பாலானது கேன்சர் இல்லாததுதான். ஆனா நம்ம டெல்டா பக்கம் ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டுல பாதி பேரு "எல்லாருக்கும் வர்ற நீர்க்கட்டிதான், கஷாயம் குடுப்போம்"ங்குறாங்க, மீதி பேரு "ஓவரியோட எடுத்துப் போட்ருங்க, நிம்மதி"ங்குறாங்க. ரெண்டுமே தப்பு. நான் பெண்கள் வார்டுல நர்ஸ், இந்த ரெண்டு பேச்சையும் அடிக்கடி கேக்குறதாலதான் எழுதுறேன்.

மொதல்ல, நீர்க்கட்டின்னு எல்லாரும் சொல்ற பிசிஓடி வேற, இது வேற. பிசிஓடில வர்றது ஓவரிக்குள்ள முட்டை வளர்ற சின்னச் சின்ன பை, அது கட்டியே கெடையாது. வெறும் தண்ணி நிரம்பின, சுவர் மெல்லிசா இருக்குற சின்ன கட்டின்னா ரெண்டு மாசம் பொறுத்து திரும்ப ஸ்கேன் பண்ணலாம், நெறய தானா கரைஞ்சுடும். ஆனா உள்ள கெட்டியா சதை தெரியுது, இல்ல முடி, கொழுப்பு, சுண்ணாம்பு தெரியுதுன்னு எழுதியிருந்தா அது கஷாயத்துக்குக் கரையாது. முடியும் கொழுப்பும் இருந்தா டெர்மாய்டு, இந்த வயசுல ரொம்ப சகஜம். முழுக்க கெட்டியா இருக்குற ஃபைப்ரோமா, ஸ்க்லெரோசிங் ஸ்ட்ரோமல் ட்யூமர் இதெல்லாம்தான் அரிது. ரெண்டாவத 1973லதான் தனி வகைன்னு பிரிச்சாங்க, சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் அதிகம் வருது, மாசா மாசம் வர்றது தாறுமாறாகும், வயித்துல கனம் தெரியும்.

ஸ்கேனுக்கு வர்ற அம்மாங்க என் கையப் புடிச்சிக்கிட்டு "சிஸ்டர், உள்ள விட்டெல்லாம் பாக்க மாட்டாங்கல்ல?"ன்னு காதுல கேப்பாங்க. இல்லம்மா, வயித்து மேல ஜெல் தடவித்தான் பாப்பாங்க, பொண்ண நெறய தண்ணி குடிக்கச் சொல்லுங்க, மூத்திரம் முட்டுனாத்தான் ஓவரி தெளிவா தெரியும். அதுல சந்தேகம் வந்தா சிடி, எம்ஆர்ஐ ரெண்டுல நான் எம்ஆர்ஐதான் சொல்லுவேன். கதிர்வீச்சு இல்ல, கெட்டிக் கட்டிய நல்லா பிரிச்சுக் காட்டும். ஸ்ட்ரோமல் ட்யூமர்ல மருந்து ஏத்துனா ஓரம் மொதல்ல பளிச்சுன்னு ஆகி அப்புறம் மெதுவா நடுவுக்குப் போகும், அது ஒரு நல்ல துப்பு.

ரத்தத்துல சிஏ 125ங்குற கேன்சர் டெஸ்ட்ட மட்டும் பாத்துட்டு பயப்படாதீங்க. பீரியட்ஸ் நேரத்துலயும் ஏறும், வயித்து டிபிலயும் ஏறும். இந்த வயசுக்கு ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்ங்குற ரத்த டெஸ்ட்டெல்லாம்தான் முக்கியம். ஊசி போட்டு தண்ணிய உறிஞ்சி எடுத்துடலாம்னு யாராச்சும் சொன்னா வேணாம்னுடுங்க, திரும்ப ஊறும், ஒருவேளை கெட்ட கட்டியா இருந்தா வயித்துக்குள்ள பரவ வழி விட்ட மாதிரி ஆயிடும்.

இப்ப ஆபரேஷன். ரிப்போர்ட் எல்லாம் கேன்சர் இல்லாத பக்கமே காட்டுனா கட்டிய மட்டும் உரிச்செடுத்து ஓவரிய விட்டுவைக்கிறதுக்குத்தான் என் ஓட்டு. ஒரு ஓவரி இருந்தாலே பீரியட்ஸ் வரும், கொழந்தையும் பொறக்கும், அது உண்மைதான், ஆனா மிச்சம் இருக்குற அந்த ஒண்ணுலயும் நாளைக்கு கட்டி வந்தாலோ அது முறுக்கிக்கிட்டாலோ என்ன செய்வோம்? உரிச்செடுத்தா திரும்ப வர கொஞ்சம் வாய்ப்பு இருக்கு, அதுக்கு அப்பப்ப ஸ்கேன் பண்ணிக்கணும், அவ்வளவுதான். ஆனா ஏஎஃப்பியோ பீட்டா எச்சிஜியோ ஏறியிருக்கு, கட்டியும் கெட்டியா இருக்குன்னா பேரம் பேசாதீங்க, கட்டிய உடைக்காம அந்த ஓவரியோட முழுசா எடுக்கத்தான் வேணும், அதுக்கு ஜிப்மரோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டோ போறது நல்லது. சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற லேப்ராஸ்கோபியா, வயித்தத் திறந்து பண்றதான்னா, சாதாரண கட்டிக்கு லேப்ராஸ்கோபி, வலி கம்மி, சீக்கிரம் ஸ்கூலுக்குப் போயிடலாம்; ரொம்பப் பெருசு, சந்தேகம்னா திறந்து பண்றதுதான் பாதுகாப்பு.

திடீர்னு ஒரு பக்கமா அடிவயிறு சுருட்டிப் புடிச்சு வாந்தியும் வந்தா ஓவரி முறுக்கியிருக்கலாம். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் இருக்குறவங்க சூட்டு வலின்னு ராத்திரிய ஓட்டாம 108க்கு போன் பண்ணுங்க, ஏன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்ற நேரமும் சேந்துக்கும். ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் ஸ்கேன்ல ஓட்டம் தெரிஞ்சாலும் முறுக்கல் இல்லன்னு ஆயிடாது. ஓவரி கறுத்துப் போயிருந்தாக்கூட முறுக்க பிரிச்சுவிட்டா பல நேரம் உயிர் வந்துடும், அதனால "கறுத்துடுச்சு, எடுத்துடுறோம்"னா பிரிச்சுவிட்டுப் பாக்க முடியாதான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

எடுத்த கட்டியோட பயாப்சி ரிசல்ட்ட வாங்காம விட்டுறாதீங்க, தையல் பிரிச்சதோட முடிஞ்சுதுன்னு நிறைய பேரு இதுலதான் கோட்டை விடுறாங்க. அரிதான கட்டின்னு வந்தா லேப்ல வச்சிருக்குற கட்டித் துண்டோட ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கி இன்னொரு பெரிய இடத்துல காட்டுங்க, ஸ்ட்ரோமல் ட்யூமர கேன்சரோட குழப்பிக்க வாய்ப்பு உண்டு. கல்யாணப் பேச்சுக்கு பயந்து சிலர் அந்தப் பேப்பர கிழிச்சே போட்டுடுறாங்க. கிழிக்காதீங்க, அடுத்த ஸ்கேன் பாக்குற டாக்டருக்கு அது வேணும்.