கீமோவில் இருப்பவரை அக்குபங்சருக்கு அழைத்துப் போகுமுன் இதைப் படியுங்கள்

நேற்று மாலை வரை பணம் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இனி வராது என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். போனது 18,000 ரூபாய், அதுவும் செவ்வாய்ப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கொலுசுப் பட்டறையில் முன்பணமாக வாங்கியது. பெயர் வேண்டாம், சேலத்தில் ஒரு மாடியில் இயங்கும் அக்குபங்சர் மையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டு, பிறகு கீமோ தொடங்கினார்கள். இரண்டாவது கீமோவுக்குப் பின் ரசம் சாதம்கூட வயிற்றில் தங்காத நிலையில்தான் அந்த மையத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் அம்மாவின் வலது மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, உட்பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். சிறிது நேரத்தில் அம்மா, "குமட்டல் கொஞ்சம் அடங்குதுப்பா" என்றார். நான் விழுந்தது அங்கேதான். பன்னிரண்டு முறைக்கும் மொத்தமாகக் கட்டினால் சலுகை என்றதும், 18,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

அவர் தொட்ட இடம் பொய்யில்லை. பி6 எனப்படும் அந்தப் புள்ளியைப் பற்றிப் பிறகு படித்தேன். கீமோவால் வரும் குமட்டலுக்கு அக்குபங்சர் உதவுகிறது என்று 1997ஆம் ஆண்டிலேயே அமெரிக்க தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இரண்டாம் முறை, கணு எடுத்த இடது கையிலும் ஊசி குத்தியதோடு, வாந்தி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நானும் புத்தி கெட்டு நிறுத்தினேன். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. வெள்ளணு குறைந்திருக்கும்போது ஊசி குத்திய இடத்தில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து, தட்டணு குறைந்திருந்தால் இரத்தம் எளிதில் நிற்காது, அந்தக் கை வீங்கவும் கூடும் என்று புற்றுநோய் மருத்துவர் சொன்னபோது எனக்குக் கைகால் நடுங்கியது. அம்மாவுக்கு அன்று இரண்டுமே குறைந்திருந்தன.

மீதிப் பத்து முறைக்கான பணத்தைக் கேட்டேன். "ஐயா வெளியூர் போயிருக்காருங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதே வெளியூர். பிறகு, வேறு நோயாளி யாராவது இருந்தால் அவருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அப்படி ஒருவரை நான் எங்கே தேடுவது? நேற்று நேரில் போனபோது, வரவேற்பிலிருந்த பெண் ரசீதைத் திருப்பிக் காட்டினார்: "கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது." 18,000 ரூபாய்க்கு அந்த ஒரு வரிதான் பதில்.

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த வாரத்து இரத்த அறிக்கை கையில் இருக்கட்டும். புதிய ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு முறைக்கு மேல் பணம் கட்டாதீர்கள், ரசீதின் பின்பக்கத்தையும் பாருங்கள்.