‘எஸ்.டி.ஐ. போர்டு போயிடுச்சு’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

கல்யாணம், லைவ் என்று ஓடிக்கொண்டிருக்கும் கேமராக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு சர்வீஸ் கடை, பழுதே இல்லாத என் கேம்கார்டருக்கு 34,000 ரூபாய் வாங்கிவிட்டது. அதோடு விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆசை விடவில்லை; இரண்டாவது தடவை 60,000 கேட்டார்கள், அதில்தான் குட்டு உடைந்தது. புகார் போயிருப்பதால் கடைப் பெயரை இப்போதைக்குப் போடவில்லை.

கும்பகோணத்தில் ஒரு ரிசப்ஷன். மேடைக்கு நேராக நிற்கும் கேமராவிலிருந்து எஸ்.டி.ஐ. லைன் (வீடியோவை ஒயர் வழியே அனுப்பும் இணைப்பு) மிக்சருக்கு (பல கேமராக்களில் எந்தப் படம் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கருவி), அங்கிருந்து எல்.இ.டி. வால் என்கிற பெரிய திரைக்கும் யூடியூப் லைவுக்கும். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும் நேரம், மிக்சரில் அந்த இன்புட் மட்டும் கறுப்பு. “அண்ணே, உங்க லைன் வரல” என்று வால்காரர் கத்துகிறார். கேமராவின் எல்.சி.டி.யில் படம் பளிச்சென்று இருக்கிறது, ரெக்கார்டு ஆகிறது, எச்.டி.எம்.ஐ.யில் மானிட்டரைச் சொருகினால் அதிலும் வருகிறது. எஸ்.டி.ஐ. மட்டும் இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தோம், அப்படியேதான். சைடு கேமராவை நடுவில் நிறுத்தி ஒப்பேற்றினோம்.

கடையில் கேமராவை உள்ளே எடுத்துப் போனவர் டீ ஆறுவதற்குள் வெளியே வந்தார். “சார், எஸ்.டி.ஐ. போர்டு போயிடுச்சு. தனியா ஐ.சி. மாத்த முடியாது, அசெம்பிளியாத்தான் வரும், இம்போர்ட் பண்ணணும்.” அட்வான்ஸ் 20,000. முகூர்த்த சீசன் முழுக்க வாடகைக் கேமராவில் ஓட்டினேன். திரும்ப வாங்கும்போது அவர்கள் மானிட்டரில் படம் காட்டினார்கள். பழைய போர்டைக் கேட்டேன். “எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிட்டோம் சார்.” பில் என்று தந்தது துண்டுச் சீட்டு: போர்டு மாற்றியது, தொகை, ஒரு கிறுக்கல். ஜி.எஸ்.டி. எண் இல்லை, பார்ட் நம்பர் இல்லை.

அடுத்து வந்த கல்யாணங்கள் பிரச்சினை இல்லாமல் போயின. பிறகு எங்கள் எடிட்டர் தம்பி ஒரு நாள், “அண்ணே, மாலை மாத்துற ஷாட் ஸ்லோமோஷன்ல திக்குது, 50பி-யில எடுக்கச் சொல்லியிருந்தேனே” என்றான். கேமராமேன் 50பி-க்கு, அதாவது விநாடிக்கு 50 முழுப் படங்களுக்கு, மாற்றினார். அன்றைக்கே இன்புட் மறுபடி கறுப்பு.

கடைக்குப் போனால், “இது வேற கம்ப்ளெய்ன்ட் சார். புது போர்டு போட்டதால பழைய மதர்போர்டுல லோடு ஏறிடுச்சு.” லோடாம்! சிக்னல் அனுப்புகிற போர்டு என்ன கிரைண்டரா, லோடு ஏறுவதற்கு? கேமராவை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

டி.வி. சேனலில் ஓ.பி. வேனில் (வெளியிடத்திலிருந்து ஒளிபரப்பும் வண்டி) வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் எங்கள் ஊரில் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். முதலில் கேமராவிலேயே கலர் பார் (சோதனைக்கான வண்ணப் பட்டைகள்) போடச் சொன்னார். தன்னுடைய சின்ன மானிட்டரில் எஸ்.டி.ஐ.யைச் சொருகினார். பார் வந்தது! அதே கேபிளை என் மிக்சரில் போட்டார், இல்லை. மெனுவில் எஸ்.டி.ஐ. அவுட்புட் ‘ஆட்டோ’வில் இருந்தது. அதை 1080/50ஐ (விநாடிக்கு 50 பாதிப் படங்கள்) என்று மாற்றினார். மிக்சரில் படம் வந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். 1080/50ஐ சிக்னல் விநாடிக்கு 1.485 ஜிகாபிட் வேகத்தில் போகும். 50பி-க்கு அதைப் போல இரண்டு மடங்கு, 2.97 ஜிகாபிட், 3ஜி எஸ்.டி.ஐ. என்பது அதுதான். என் மிக்சர் பழையது, முதல் வகையை மட்டும்தான் வாங்கும். இரண்டுக்கும் அதே பி.என்.சி. சாக்கெட் (ஒயர் முனையைத் திருகி மாட்டும் வட்டச் சாக்கெட்), அதே ஒயர் என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அவுட்புட் ‘ஆட்டோ’வில் இருந்தால் ரெக்கார்டிங் எப்படியோ வெளியேயும் அப்படியே போகும். ரெக்கார்டிங்கை 50பி-யில் விட்டு, அவுட்புட்டை மட்டும் 50ஐ ஆக்க என் மாடலில் வழி இருக்கிறது.

கடையில் என்ன செய்தார்கள் என்பதை எடிட்டர் தம்பியின் ஹார்டு டிஸ்க் சொல்லிவிட்டது. கும்பகோணம் கிளிப்கள் 50பி. கடையிலிருந்து வந்த பிறகு எடுத்த முதல் கிளிப்பிலிருந்து எல்லாம் 50ஐ. ரெக்கார்டிங் ஃபார்மேட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு போர்டுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். சார் மூடியைக் கழற்றியும் காட்டினார். எஸ்.டி.ஐ. போர்டின் திருகுகளில் கம்பெனி வைத்த பசை உடையவே இல்லை, மேலே பல வருடத்துத் தூசி.

எஸ்.டி.ஐ. உண்மையிலேயே போகாதா என்றால், போகும். பவர் ஆனில் இருக்கும்போது, எர்த் வேறுபடும் இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்தால், சிக்னலை வெளியே அனுப்பும் டிரைவர் ஐ.சி. எரியலாம். கேமரா பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுக்கும் மானிட்டர், வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் மாட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பவர் ஒயரை முதலில் சொருகுங்கள், பி.என்.சி.யைக் கடைசியில், கழற்றும்போது பி.என்.சி. முதலில். சினிமா கேமரா செய்யும் ஆரி கம்பெனியே இந்த வரிசையைச் சொல்லித்தான் எச்சரிக்கை வெளியிட்டது. ஆனால் அப்படி எரிந்திருந்தால் 50ஐ-யிலும் வராது, எந்த மானிட்டரிலும் வராது. அதனால் கலர் பார் போட்டு, ஒரு மீட்டர் கேபிளில், வேறு மானிட்டரிலும் பார்க்காமல் கேமராவைப் பெட்டியில் வைக்காதீர்கள். மெனுவில் விநாடிக்கு எத்தனை படம் என்ற இடத்தில் 50-க்குப் பதில் 59.94 இருந்தாலும் பல மிக்சர்கள் கறுப்புதான் காட்டும். சில மாடலில் எச்.டி.எம்.ஐ.யைத் தேர்ந்தெடுத்தால் எஸ்.டி.ஐ. நின்றுவிடும். சி.சி.டி.வி.க்கு விற்கும் மெல்லிய கேபிளின் முனையிலும் பி.என்.சி. இருக்கும், அதை நம்பி மண்டபத்து நீளத்துக்கு இழுக்காதீர்கள். 75 ஓம், எச்.டி. எஸ்.டி.ஐ.க்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் மிக்சரையும் தூக்கிக்கொண்டு போங்கள், கண் முன்னால் பழுதைக் காட்டச் சொல்லுங்கள். மெனு பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய போர்டு திரும்பி வரவேண்டும், பில்லில் பார்ட் நம்பர் இருக்கவேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, ஜி-பே ரசீது, இரண்டு தேதி கிளிப்களின் விவரம், திருகுப் படங்கள் எல்லாம் கையில் உள்ளன. கடைக்காரர் போனில், “பாதி தர்றேன், போஸ்ட் போடாதீங்க சார்” என்றார். முழுத் தொகையும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி பார்ட் நம்பர் இல்லாத சீட்டோடு ‘எஸ்.டி.ஐ. போர்டு’ மாற்றியவர்கள் யாராவது இருந்தால் சீட்டின் படத்தை இன்பாக்ஸில் அனுப்புங்கள், வக்கீல் நோட்டீஸில் சேர்த்துக்கொள்கிறேன்.